இரண்டு முறை கரைத்த ஃபார்மலின்: தன்லினிலிருந்து வந்த வாய்த் திசு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வாய் சரியாகத் திறக்காத ஒருவரிடமிருந்து சதைத்துண்டு எடுக்க நமக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் என்று நினைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். நார் இறுகிய கன்னத்தில் வெட்டிய இடம் நாராகவே ஆறும். இரண்டாவது வெட்டு இரண்டாவது தழும்பு. யாங்கோனிலிருந்து (ரங்கூன்) பார்த்தால் பகோ ஆற்றுக்கு அக்கரையில், நம்மவர்கள் இன்றும் சிரியம் என்று சொல்லும் தன்லினிலிருந்து வந்த இந்த நோயாளிக்கு அந்த இரண்டாவது வெட்டு தேவைப்பட்டுவிட்டது. துண்டு அழுகாமல் பதப்பட ஊறவைக்கும் ஃபார்மலின் திரவம் நீர்த்துப் போயிருந்ததால் வந்த வினை அது. எங்கே, எப்படி நீர்த்தது, அதை நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தட்டில் எப்படி அடையாளம் கண்டார்கள், மறுமுறை என்னவெல்லாம் மாற்றினார்கள் என்பதை இங்கே விரிவாகத் தருகிறோம். நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

நோயாளி

வயது 37, ஆண், சைக்கா (பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டி) ஓட்டுகிறவர். தமிழ்க் குடும்பம். அவர் வந்தது வாய் திறக்கவில்லை என்பதற்காக அல்ல. இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி. பல்லைப் பார்க்கக் கண்ணாடியை உள்ளே நுழைக்க முடியாமல் போனபோதுதான் மற்ற பேச்சே வந்தது. மூன்று ஆண்டுகளாகக் காரம் பட்டால் எரிகிறது. மொஹிங்காவில் (மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா) மிளகாய்த்தூள் போடுவதை விட்டுவிட்டார். ஓராண்டாக வடையைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் வாயில் போடுகிறார்.

குன்யா போடுவது 14 ஆண்டுப் பழக்கம். கடையில் வெற்றிலை மேல் சுண்ணாம்பு தடவி, நறுக்கிய பாக்கும் காசுக்கட்டியும் புகையிலையும் வைத்து மடித்துத் தருவார்களே, அதுதான். “ஒரு நாளைக்கு எத்தனை?” என்று கேட்டதற்கு “ஏழெட்டு” என்றார். எத்தனை பொட்டலம் வாங்குகிறீர்கள், ஒரு பொட்டலத்தில் எத்தனை மடிப்பு, வீட்டில் யாராவது அதில் எடுப்பார்களா என்று பிரித்துக் கேட்டபோது கணக்கு 18-இலிருந்து 20 வரை வந்தது. இப்படிப் பிரித்துக் கேட்காமல் எழுதும் எண்ணிக்கையை நம்பக்கூடாது. எந்தப் பக்கம் ஒதுக்குகிறார், எவ்வளவு நேரம், துப்புகிறாரா விழுங்குகிறாரா, ஒதுக்கியபடியே தூங்குவது உண்டா என்பவையும் எண்ணிக்கைக்கு இணையான கேள்விகள். இவர் இடக்கன்னத்தில் ஒதுக்குவார். சவாரி இல்லாத மதியங்களில் அப்படியே தூங்கியும் விடுவார்.

முதல் நாள் அளவுகள்

மேல், கீழ் நடு வெட்டுப்பற்களின் விளிம்புக்கு விளிம்பு வெர்னியர் காலிப்பரால் மூன்று முறை அளந்ததில் 22 மி.மீ. கன்னா, ஆந்திராடே இருவரும் 1995-இல் தந்த வகைப்பாட்டில் 15 முதல் 25 மி.மீ. வரை மூன்றாம் படி. அதில் இவர் விழுகிறார். ஆனால் இந்த எண்ணில் ஒரு கள்ளம் உண்டு. நெடுநாள் பாக்கு மென்றவர்களின் வெட்டுப்பற்கள் தேய்ந்திருக்கும். மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை மி.மீ. தேய்ந்திருந்தால், வாய் உண்மையில் திறப்பதைவிட 3 மி.மீ. கூடுதலாக அளவு காட்டும். ஆகவே ஒருவருடைய எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு ஒப்பிடுவதைவிட, அவருடைய எண்ணை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவதே சரி. எந்தப் பல்லிலிருந்து எந்தப் பல்லுக்கு அளந்தோம் என்று குறித்து வைத்தால்தான் அதுவும் நடக்கும்.

கன்னங்கள் இரண்டும் பளிங்குபோல் வெளிறியிருந்தன. விரலால் தடவினால் இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று நார்க்கயிறுகள், வலப்பக்கம் இரண்டு. உள்நாக்கு சுருங்கி மொட்டுப்போல் இருந்தது. நாக்கைக் கீழுதட்டுக்கு அப்பால் நீட்ட முடியவில்லை, கன்னத்தை உப்பவும் முடியவில்லை. கடைவாய்ப்பல் சீழினால் தாடை பூட்டிக்கொள்வதும் உண்டு என்பதால் அதையும் பார்த்தார்கள். மெல்லும் தசையில் தொட்டால் வலியில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. நார்க்கயிறுகளோ தெளிவாகக் கைக்குப் பட்டன. சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் (வாய்ச் சவ்வடி நாரிறுக்கம்) என்று கண்டுகொள்ள இதுவே போதும். நாரிறுக்கத்தைக் கண்டுபிடிக்கப் பயாப்ஸி, அதாவது சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது, தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பயாப்ஸி தேவைப்பட்டது வேறொன்றுக்கு. இடது வாய்க்கோணத்துக்குப் பின்னால், மடிப்பை ஒதுக்கும் இடத்தில், 12 மி.மீ. நீளம் 8 மி.மீ. அகலத்தில் வெள்ளையும் சிவப்பும் கலந்த தடம் ஒன்று இருந்தது. துணியால் துடைத்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உரிந்தது, நடுவில் உரியவில்லை. நாரிறுக்கம் உள்ள வாயில் இப்படி ஒரு தடம் இருந்தால் புற்றுக்கு முந்தைய செல் மாற்றம், அதாவது டிஸ்பிளேசியா, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் 66 நாரிறுக்க நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 5 பேருக்கு, அதாவது 7.6 சதவீதத்தினருக்கு, வாய்ப்புற்று வந்தது. 1985-இல் வெளியான அந்தக் கணக்கை வாய் நோயியல் படித்தவர்கள் யாரும் மறப்பதில்லை.

எச்சில் முதல் நாள் வீணாயிற்று. காத்திருந்த நேரத்தில் ஒரு மடிப்புப் போட்டிருந்தார். எச்சில் சிவந்து, சுண்ணாம்பின் காரத்தால் பி.எச். 8-ஐத் தாண்டியது. மறுநாள் காலை, 90 நிமிடம் எதுவும் உண்ணாமல் மெல்லாமல், தலை குனிந்து குவளையில் தானாக வடியவிட்டு 5 நிமிடம் எடுத்ததில் 1.1 மி.லி.; நிமிடத்துக்கு 0.22. நிமிடத்துக்கு 0.1-க்குக் கீழே போனால்தான் எச்சில் வற்றிய வாய் என்பார்கள், ஆகவே இது தாழ்வு என்றாலும் வறட்சி இல்லை. ஹீமோகுளோபின் 10.8 கிராம், ஆணுக்குக் குறைவு. காரம், காய், கறி எல்லாவற்றையும் எரிச்சலுக்குப் பயந்து ஒதுக்கியவரிடம் இதை எதிர்பார்க்கலாம்.

பாக்கு செய்யும் வேலை

இந்த நோயை 1952-இல் ஷ்வார்ட்ஸ் முதலில் எழுதியது கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரைப் பார்த்து. கடல் கடந்து போன நம் சனம் பாக்கையும் கூடவே கொண்டுபோனது; நோயும் கூடவே போனது.

பாக்கிலுள்ள அரிகோலின், கொலாஜன் நாரைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டுகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் அரிகோலின் உடைந்து அரிகெய்டின் ஆகிறது. அதுவும் அதே செல்களை முடுக்கிவிடும். பாக்கில் செம்பும் கணிசமாக உண்டு. நாரோடு நாரைப் பிணைக்கும் லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதி செம்பை வைத்துத்தான் இயங்குகிறது. ஒருபக்கம் நார் கூடுதலாக உண்டாகிறது, இன்னொருபக்கம் உண்டான நார் கரையாதபடி முறுக்கேறுகிறது. இதோடு டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்கிறது. பர்மாவின் ஷா மரக் கட்டையைக் கொதிக்கவைத்து எடுக்கும் காசுக்கட்டி, துணிக்குச் சாயமேற்றவும் தோல் பதனிடவும் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. தோலைப் பதப்படுத்துவது என்றால் அதன் கொலாஜனை அழியாமல் இறுக்குவதுதான். அந்தச் சரக்கைத்தான் கன்னத்துக்குள் மணிக்கணக்கில் ஒதுக்கிவைக்கிறோம்.

புகையிலைதான் கெடுதல், பாக்கு ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் ரங்கூன் தமிழர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கை மட்டும் முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்திருந்தது உண்மை. ஆனால் 2004-இல் வெளியான அதன் 85-ஆம் தொகுதியில் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும் அதே முதல் வகைக்கு வந்துவிட்டன. நாரிறுக்கத்தைப் பொறுத்தவரை குற்றவாளி பாக்குதான்.

முதல் துண்டு

வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவகம் ஒன்றில் தடத்தின் ஓரத்திலிருந்து துண்டு எடுத்து, “10% ஃபார்மலின்” என்று எழுதிய புட்டியில் போட்டார்கள். ஆய்வகத்துக்கு அது திங்கள் காலை வந்தது. மூன்று நாள் ஊறிய துண்டு ரப்பர்போல் விறைத்துச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். இதுவோ இடுக்கியால் தொட்டால் தளதளவென்று அமுங்கியது. குறுக்கே வெட்டியபோது நடுவில் இளஞ்சிவப்பு மாறவில்லை. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடியும் இல்லை. அதை அந்த நொடியே குறிப்பேட்டில் எழுதினார்கள். துண்டு உள்ளே வரும்போது அது இருந்த நிலையை எழுதி வைக்கிற ஆய்வகம்தான் பிறகு தட்டில் காண்பதை நம்பலாமா வேண்டாமா என்று முடிவுகட்ட முடியும்.

தட்டில் தெரிந்தவை மூன்று. மேல்படலமான எபிதீலியம் கீழுள்ள திசுவிலிருந்து நீளமாகப் பிரிந்து நின்றது. கொப்புள நோயோ என்று தோன்றவைக்கும் பிளவு. செல் கருக்கள் ஊதி, உள்ளே மங்கி, சில இடங்களில் வெறும் கூடாகத் தெரிந்தன. கீழே கொலாஜன் இழை இழையாகத் தெரியாமல் ஒரே இளஞ்சிவப்புப் பூச்சாக இருந்தது.

இங்கேதான் தவறு நடக்க எல்லா வசதியும் இருந்தது. பின்ட்போர்க்கும் சிர்சாத்தும் 1966-இல் வகுத்த நான்கு நிலைகளில், கொலாஜன் இழை வேறுபாடு தெரியாமல் முழுக்கக் கண்ணாடிபோல் ஆகிவிடுவதுதான் கடைசி நிலையின் அடையாளம். அழுகத் தொடங்கிய கொலாஜனும் அப்படியே தெரியும். ஊதிய கருவை டிஸ்பிளேசியா என்றும் எழுதிவிடலாம். மங்கிய கருவைப் பார்த்துவிட்டு டிஸ்பிளேசியா இல்லை என்றும் எழுதிவிடலாம். இரண்டும் நோயாளிக்குக் கேடு. ஆய்வகம் “பதப்படாத திசு, நிலை சொல்ல இயலாது, டிஸ்பிளேசியா உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல இயலாது” என்று எழுதி, மருத்துவகத்தைத் தொலைபேசியில் அழைத்தது. அந்த அறிக்கை சரியான அறிக்கை. ஏதாவது ஒரு பெயர் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்ற நெருக்கடி எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. அதற்கு இணங்காததால்தான் இந்த மனிதருடைய தடம் கவனிக்கப்படாமல் போகவில்லை.

புட்டிக்குள் நடந்தது

10% ஃபார்மலின் என்ற பெயரே குழப்பம் விளைவிப்பது. கடையில் வரும் அடர்ந்த ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம் இருக்கும். அதில் 1 பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்தால் வருவது 10% ஃபார்மலின். உண்மையான ஃபார்மால்டிஹைடு அதில் ஏறத்தாழ 4 சதவீதம்தான். திசு பதப்பட அதுவே சரியான அளவு.

அந்த மருத்துவகத்தில் பல ஆண்டுகளாக அடர்ந்த ஃபார்மலினைத்தான் வாங்கினார்கள். “1 பங்கு ஃபார்மலின், 9 பங்கு நீர்” என்ற தாள் சுவரில் ஒட்டியிருந்தது. இந்த முறை வாங்கியதோ, கரைத்துப் பஃபரும் (அமிலமாகாமல் காக்கும் உப்புகள்) சேர்த்துத் தயாராக வந்த 10% கேன். உதவியாளர் சுவரில் இருந்தபடியே 9 பங்கு நீர் ஊற்றினார். விளைவு 0.4 சதவீத ஃபார்மால்டிஹைடு. உப்புகளும் பத்தில் ஒன்றாகக் குறைந்ததால் திரவம் திசுவைவிட நீர்த்து, செல்களுக்குள் நீர் ஏறியது. கரு ஊதியது அதனால்தான். யாங்கோன் வெக்கையில் மூன்று நாள் இருந்தது மீதி வேலையைச் செய்தது. உதவியாளர் மேல் பழி இல்லை. சரக்கு மாறியது, தாள் மாறவில்லை.

தாமே தயாரிப்பவர்களுக்குக் கணக்கு இது: அடர்ந்த ஃபார்மலின் 100 மி.லி., வாலைநீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பி.எச். 7-ஐ ஒட்டி வர வேண்டும். பாஸ்பேட்டை விட்டுவிட்டால் திரவம் நாளாக நாளாகப் புளித்து அமிலமாகும். தட்டில் இரத்தம் தேங்கிய இடங்களில் பழுப்பு-கருப்புத் துகள்கள் விழும். அவற்றைப் பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவி நீக்கலாம், ஆனால் வராமல் பார்ப்பதே மேல். துண்டின் பருமனைப்போல் 10 முதல் 20 மடங்கு திரவம் வேண்டும். புட்டியின் வாய் அகலமாக இருக்கட்டும்: ஊசிமருந்துக் குப்பியில் வளைந்து நுழைந்த துண்டு விறைத்தபின் வெளியே வராது. ஃபார்மலின் இல்லை என்று உப்புநீரிலோ ஸ்பிரிட்டிலோ அனுப்புவதும் நடக்கிறது. உப்புநீரில் திசு அழுகும், ஸ்பிரிட்டில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும்.

புட்டியில் இருப்பது சரியான வலுவா என்று பார்க்க எளிய வழி ஒன்று: கறிக்கடைக் கோழி ஈரலில் 5 மி.மீ. கனத் துண்டு ஒன்றை வெட்டி அந்தத் திரவத்தில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் குறுக்கே வெட்டினால் உள்வரை வெளிறி விறைத்திருக்க வேண்டும். நடுவில் சிவப்பும் குழைவும் இருந்தால் அந்தத் திரவத்தைக் கொட்டிவிடுங்கள். இந்த மருத்துவகத்தின் புட்டி இந்தச் சோதனையில் தோற்றது. கேனிலிருந்து நேரடியாக எடுத்த திரவம் தேறியது. சுவர்த்தாளைக் கிழித்துவிட்டு, கேனின் மேல் பர்மிய மொழியிலும் தமிழிலும் “அப்படியே ஊற்றவும், நீர் சேர்க்கக் கூடாது” என்று ஒட்டினார்கள்.

இடைவெளியில் கேண்டிடா

மறுபடி வெட்டுவதற்கு முன் தடத்தின் மேலிருந்து சுரண்டி எடுத்த பூச்சைப் பூஞ்சையைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயத்தில் பார்த்தார்கள், பூஞ்சை இழைகள் இருந்தன. பூஞ்சை வளர்க்கும் சபுரோ அகாரில் 37 பாகை வெப்பத்தில் 48 மணி நேரத்தில் வெண்ணெய் நிறக் கூட்டங்கள் வளர்ந்தன. மனித சீரத்தில் அதே வெப்பத்தில் வைத்ததில் இரண்டரை மணி நேரத்தில் முளைக்குழல் நீண்டது: கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை. முளைக்குழலை 3 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்; அதற்குமேல் வேறு இனங்களும் அதுபோன்ற நீட்சியைக் காட்டி ஏமாற்றும்.

கேண்டிடா ஊடுருவிய எபிதீலியம் அழற்சியால் டிஸ்பிளேசியாபோலவே தோற்றம் தரும். ஆகவே பூஞ்சைக்கு எதிரான நிஸ்டாட்டின் கரைசல், மி.லி.க்கு 1,00,000 அலகு, 5 மி.லி. வீதம் நாளுக்கு நான்கு முறை வாயில் வைத்திருந்து விழுங்கும்படி 14 நாள் கொடுத்தார்கள். சந்தேகத்துக்குரிய தடத்துக்கு இரண்டு வாரத்துக்குமேல் தவணை தரக்கூடாது. பதினைந்தாம் நாள் ஓரத்து வெள்ளை போயிருந்தது. நடுத்தடம் அப்படியே இருந்தது.

அந்த நாளில் நடந்த பேச்சு ஒன்று. அவர் வாயில் ஏதோ அசைந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, வாயில என்ன?” என்று மருத்துவர் கேட்டார்.

“புகையிலையைத்தான் அன்னிக்கே விட்டுட்டேனே டாக்டரம்மா. இது வெறும் பாக்கு.”

“தம்பி, உங்க வாயை இறுக்குனதே அந்தப் பாக்குதான். இன்னியோட அதையும் துப்பிடுங்க.”

அவருக்கு அது அதிர்ச்சி. முதல் நாளே “வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு நான்கும்” என்று பெயர் சொல்லி நிறுத்தச் சொல்லியிருந்தால் அந்த வாரங்கள் வீணாகியிருக்காது. “குன்யாவை விடுங்க” என்று மட்டும் சொன்னதை அவர் தம் போக்கில் புரிந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது துண்டு

இந்த முறை இரண்டு இடத்தில் எடுத்தார்கள்: தடத்தின் நடுவிலிருந்து ஒன்று, அதற்குப் பின்னால் நார்க்கயிறு கைக்குப் பட்ட இடத்தில் இன்னொன்று. மரத்துப்போக 2% லிக்னோகெய்ன், 1:80,000 அட்ரினலின். ஊசியை எடுக்கப்போகும் இடத்துக்குள் குத்தாமல் சுற்றி, சில மி.மீ. தள்ளிப் போட்டார்கள். மருந்து திசுவுக்குள் புகுந்தால் இழைகளைப் பிரித்து நீர்க்கோவைபோல் காட்டும். நாரிறுக்கத்தின் ஆரம்ப நிலையை நாம் அடையாளம் காண்பதே அந்த நீர்க்கோவையை வைத்துத்தான்.

பல்லுள்ள இடுக்கியால் துண்டைக் கவ்வவில்லை. முன்முனையில் ஒரு தையல் போட்டு, அந்த நூலைப் பிடித்துத் தூக்கி வெட்டினார்கள். கவ்விய இடத்தில் கருக்கள் நசுங்கி நீலக் கோடுகளாக இழுபடும். அந்தத் தையலே பிறகு எது முன்பக்கம் என்று ஆய்வகத்துக்குச் சொன்னது. 5 மி.மீ. பஞ்ச் (வட்ட வாய்க் கத்தி), ஆழம் 4 மி.மீ.; சவ்வின் கீழ்ப்பகுதியும் கொஞ்சம் தசையும் வர வேண்டும், மேலோட்டமாகச் சீவினால் நாரிறுக்கம் பற்றி ஒன்றும் தெரியாது. எடுத்ததும் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி கெட்டி அட்டையில் விரித்து, ஒட்டிக்கொள்ள ஒரு நிமிடம் விட்டு, அட்டையோடு திரவத்தில் மூழ்கடித்தார்கள். நேராகத் திரவத்தில் போட்டால் மெல்லிய சவ்வு சுருள்போல் மடங்கிவிடும்.

பாலம் தாண்டிப் புட்டிகள் அன்று மாலையே வந்தன. 24 மணி நேரம் பதப்படுத்தியபின் கையாலேயே ஆல்கஹாலில் ஏற்றினார்கள்: 70 சதவீதத்தில் 1 மணி, 90-இல் 1 மணி, முழு ஆல்கஹாலில் 45 நிமிடம் வீதம் மூன்று முறை, சைலினில் 45 நிமிடம் இரு முறை, 60 பாகை பாரஃபினில் 1 மணி இரு முறை. மின்வெட்டு உள்ள ஊரில் எங்கே நிறுத்தலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 70% ஆல்கஹாலில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கேடில்லை. சைலினில் இரவு முழுக்க விட்டால் இவ்வளவு சிறிய துண்டு அப்பளமாக நொறுங்கும். பாரஃபின் பாதியில் உறைந்தால் உள்ளே ஏறாத நடுப்பகுதி மைக்ரோடோமில் (மெல்லிதாகச் சீவும் கருவி) குழியாக உதிரும். மின்சாரமோ ஜெனரேட்டரோ உறுதியானபின் முழு ஆல்கஹாலுக்கு நகர்த்துவது பாதுகாப்பு.

கட்டியில் பதிக்கும்போது துண்டை விளிம்பில் நிற்கவைத்தார்கள், உருப்பெருக்கியால் பார்த்து. படுக்கவைத்தால் கத்தி மேல்படலத்தைச் சாய்வாகச் சீவும். கீழிறங்கும் எபிதீலிய விரல்கள் தனித் தீவுகளாகத் தெரிந்து, புற்று ஊடுருவிவிட்டது என்று பயமுறுத்தும். 4 மைக்ரான் கனம், மூன்று ஆழங்களில் சீவல்கள், 45 பாகை நீரில் மிதக்கவிட்டு எடுத்தது. ஹீமடாக்ஸிலின்-இயோசின், பி.ஏ.எஸ்., மேசன் டிரைக்ரோம் ஆகிய மூன்று சாயங்கள்.

தட்டில் கண்டது

தடத்தில் மேல்படலம் தடித்து, விரல்கள் நீர்த்துளிபோல் அடியில் பருத்திருந்தன. அடிவரிசைச் செல்கள் வரிசை குலைந்து, கருக்கள் கருத்துப் பெருத்து, அந்தக் குலைவு நடு மூன்றிலொரு பங்கு வரை ஏறியிருந்தது. அடிச்சவ்வு எங்கும் உடையவில்லை. பி.ஏ.எஸ்.-இல் பூஞ்சை இழை இல்லை, ஆகவே இந்தக் குலைவைக் கேண்டிடாவின் கணக்கில் எழுத முடியாது. மிதமான டிஸ்பிளேசியா.

நார்க்கயிற்றுத் துண்டில் மேல்படலம் மெலிந்து, விரல்கள் தட்டையாகிவிட்டிருந்தன. அதற்குக் கீழே கொலாஜன் கண்ணாடிபோல் ஆகியிருந்தாலும் தடித்த கட்டுகள் இன்னும் பிரித்தறியும்படி, இடையே கொஞ்சம் நீர்க்கோவையோடு இருந்தன. மேசன் சாயத்தில் கொலாஜன் நீலமாகவும் தசை சிவப்பாகவும் தெரியும். சிவப்புத் தசைநார்களுக்கு நடுவே நீலம் நுழைந்திருந்தது. பின்ட்போர்க்-சிர்சாத் மூன்றாம் நிலை. முதல் துண்டை வைத்து எழுதியிருந்தால் நான்காம் நிலை என்று வந்திருக்கும். தட்டில் காணும் நிலையும் வாய் திறக்கும் மி.மீ.யும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. இவருக்குப் பொருந்தியது என்பதால் எல்லாருக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்.

பிறகு

தடத்தைச் சுற்றி 4 மி.மீ. நல்ல திசுவோடு சேர்த்து வெட்டி எடுத்து, புண்ணைத் தைத்து இழுக்காமல் கொலாஜன் சவ்வு வைத்து ஆறவிட்டார்கள். இழுத்துத் தைத்தால் இறுகிய கன்னம் இன்னும் இறுகும். ஓரங்களில் டிஸ்பிளேசியா இல்லை. ஆறியபின் வலப்பக்க நார்க்கயிறுகளில் மட்டும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 4 மி.கி., ஹைலூரோனிடேஸ் என்ற நொதி 1500 அலகு, ஊசியாக, வாரம் ஒருமுறை 8 வாரம். இடப்பக்கம் ஸ்டீராய்டு போடவில்லை. டிஸ்பிளேசியா இருந்த இடத்தின் நோயெதிர்ப்பைத் தணிப்பது சரியல்ல என்பது எங்கள் கருத்தும். இரும்பும் ஃபோலிக் அமிலமும் தந்தார்கள்.

இவற்றைவிட அதிகம் உதவியது குச்சிப் பயிற்சி என்றே சொல்லலாம். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகளை அடுக்கி வெட்டுப்பற்களுக்கு இடையே வைத்து 5 நிமிடம், நாளுக்கு ஐந்து முறை. தொடங்கியது 22 மி.மீ. அடுக்கில், வலியில்லாதபோது இரண்டு வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டினார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் குன்யா இருந்த சட்டைப்பையில் இப்போது குச்சிக்கட்டு. பாக்கை விட்டதும் எரிச்சல் இரண்டு மாதத்தில் தணிந்தது. நாரோ அவ்வளவு எளிதில் இளகாது. ஆறாம் மாதம் 27 மி.மீ., பன்னிரண்டாம் மாதம் 28. அதற்குமேல் ஏறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடக்கன்னத்தை, பக்கத்தில் அளவுகோடிட்ட ஈறுக்கம்பியை வைத்துப் படமெடுக்கிறார்கள்.

அவர் முதல் நாள் காட்டிய கடைவாய்ப்பல் அதுவரை தற்காலிக அடைப்போடுதான் இருந்தது. 27 மி.மீ. ஆனதும், குழந்தைகளுக்கான சிறிய தலையுள்ள ஹேண்ட்பீஸ் (பல்லைக் குடையும் கருவி) ஒருவழியாக உள்ளே நுழைந்தது. இரண்டு அமர்வில் வேர்ச் சிகிச்சையை முடித்தார்கள்.